நனைந்த காட்டில் நெருப்பு: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசியில் முதல் மழை விழுந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். கோடை முழுக்கக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்கள் இப்போது நெருப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் கிழக்குக் கரைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தை என்று இந்த மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இந்த முறை ஈரத்தில் நெருப்பு மூட்டுவது பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் வயல் உன்னிச்சைப் பக்கம் காட்டை ஒட்டி இருக்கிறது. முன்மாரி வேளாண்மைக்கு இரவில் யானைக் காவல் இருக்க வேண்டும். மழைக்குள் பரணுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டப் போனால் நெருப்புப்பெட்டி முடிகிறதே தவிர விறகு பற்றுவதில்லை. காடு முழுக்க விறகு கிடக்கிறது, ஒன்றுகூட எரியவில்லை. என்ன செய்யலாம்?
(ஒரு விவசாயி, ஆயித்தியமலை)

பதில்: நிலத்தில் கிடக்கும் விறகைத்தான் பொறுக்குகிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது அண்ணன். மாரியில் அந்த விறகை மறந்துவிடுங்கள். மண்ணில் கிடக்கும் தடி மேலே மழையையும் கீழே நிலத்து ஈரத்தையும் குடித்து, உள்வரைக்கும் ஊறி, பாதி உக்கியும் போயிருக்கும். நிமிர்ந்து பாருங்கள். நின்றபடியே பட்டுப்போன மரம், முறிந்து இன்னொரு கொப்பில் சிக்கித் தொங்கும் கிளை, பற்றைக்குள் நிலத்தில் படாமல் சாய்ந்து நிற்கும் தடி, இவைதான் உங்களுக்கு வேண்டியவை. நாள்கணக்கில் மழை பெய்தாலும் நின்று காய்ந்த மரத்தில் ஈரம் மேல்பக்கம் கொஞ்சத் தூரம்தான் இறங்கும், உள்ளே காய்ந்தபடியே இருக்கும். சுள்ளி ஒடிக்கும்போது டக்கென்று சத்தம் வந்தால் எடுங்கள். வளைந்து, நார் நாராகக் கிழிந்தால் அங்கேயே போட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கைமணிக்கட்டுப் பருமனில் அப்படி ஒரு கிளை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். முதலில் பட்டையை உரித்து எறியுங்கள், தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பிறகு வெட்டுக்கத்தியைத் தலைப்பில் வைத்து, கத்தியின் முதுகில் இன்னொரு தடியால் அடித்து நாலாகப் பிளந்தால், ஓரம் கறுத்து ஈரமாகவும் நடு வெளிறிக் காய்ந்தும் இருப்பது கண்ணுக்கே தெரியும். சந்தேகமாக இருந்தால் நடுத்துண்டைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் சில்லென்று தெரியும். காய்ந்த அந்த நடுத்துண்டை எடுத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக மெல்லிசாகச் சீவிக்கொண்டு போங்கள். சீவலை அறுத்து விழுத்தக் கூடாது, தடியின் நுனியிலேயே சுருண்டு நிற்க விட வேண்டும். சுருள் அடர்த்தியாக நின்றால் ஒரு நெருப்புக்குச்சியிலேயே பற்றிவிடும், கடதாசியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இப்படி நாலைந்து தடி சீவி வைத்துக்கொள்ளாமல் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

ஈர விறகு ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் கைக்குப் பொறுமை வரும். மரம் சூடேறி 250, 300 பாகை செல்சியஸ் அளவுக்குப் போனால்தான் அதிலிருந்து எரிகிற வாயு தாராளமாக வெளியே வரும், நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயுதான். ஆனால் தண்ணீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகப் போகிறது, அது போய் முடியும்வரை மரத்தின் அந்த இடம் அதற்கு மேலே சூடேறாது. ஒரு கிலோ தண்ணீரை முப்பது பாகையிலிருந்து கொதிக்க வைப்பதற்கு வேண்டிய சூட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், கொதித்த அதே தண்ணீரை ஆவியாக்கி விரட்ட. ஒரு நெருப்புக்குச்சியின் சூட்டுக்கு அது எப்படி முடியும்? அதனால்தான் தொடக்கத்தில் எல்லாம் மெல்லிசாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். நெருப்பு வளர்ந்த பிறகு ஈர விறகையும் அதுவே காய வைத்துக்கொள்ளும்.

இனி அடுக்குவது. சேற்று நிலத்தில் நேராக மூட்ட வேண்டாம். கைப்பருமன் தடிகளை நெருக்கமாகப் பரப்பி ஒரு மேடை போடுங்கள், அல்லது இரண்டு காய்ந்த தென்னை மட்டையைக் குப்புற வையுங்கள். மேலே மழை விழுந்தால் ஒரு ஆள் கிடுகையோ படங்கையோ பிடித்துக்கொள்ளட்டும், நெருப்பு பிடித்ததும் கொஞ்சம் தூக்கிவிடலாம். காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டிக் குந்தி, அந்தப் பக்கமிருந்தே கீழே பற்ற வையுங்கள், காற்றே சுவாலையை விறகுக்குள் தள்ளிவிடும். முதலில் சீவல், அப்புறம் நெருப்புக்குச்சிப் பருமன் சுள்ளி, அப்புறம் பென்சில் பருமன், அது நன்றாகப் பற்றியபின் பெருவிரல் பருமன். கனபேர் கெடுப்பது இந்த இடத்தில்தான். சின்னச் சுவாலையைக் கண்டதும் ஆசைப்பட்டுப் பெரிய கட்டையைத் தூக்கி வைத்து அமுக்கிவிடுவார்கள். உங்களுக்குப் போதும் என்று தோன்றுகிற அளவைப் போல மூன்று மடங்கு சுள்ளியைப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், நடுவில் எழும்பி விறகு தேடப் போனால் திரும்பி வரும்போது புகைதான் இருக்கும்.

பாலை, முதிரை, வீரை போன்ற கனத்த மரங்கள் பற்றுவதற்கு நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் விடியும்வரை தணல் நிற்கும். காவலுக்கு அதுதான் நல்லது. பட்டுப்போன கிளையை மட்டும் எடுங்கள். எரியும் நெருப்பைச் சுற்றி மற்ற விறகைப் பட்டை உரித்து நிறுத்தி வைத்தால் தன் முறை வருவதற்குள் காய்ந்துவிடும். ஒரு கவனம்: மழைக்கு ஒதுங்க இடம் தேடிப் புடையனும் தேளும் மட்டத்தேளும் விறகுக் குவியலுக்குள்ளும் பட்டைக்கடியிலும்தான் வந்து இருக்கும். இருட்டில் கையை விட்டு இழுக்காமல் தடியால் தட்டி, டோர்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். நெருப்பு எரிகிறது, யானை வராது என்று நம்பித் தூங்கியும் விடாதீர்கள்.

கேள்வி: யூடியூப்பில் காட்டுவாழ்க்கை வீடியோக்கள் நிறையப் பார்ப்பேன். பேர்ச் மரப்பட்டை, பைன் பிசின், ஒரு வகைக் காளான் என்றெல்லாம் காட்டுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் காட்டில் அதற்குப் பதிலாக எதைத் தேடுவது? இலுக்குப் புல்லும் மானாப் புல்லும் உதவுமா?
(உயர்தர மாணவர், கல்லடி)

பதில்: நல்ல கேள்வி தம்பி. அவர்கள் காட்டுவது பொய்யில்லை, ஆனால் அது அவர்களுடைய காட்டுக்குச் சரி. பேர்ச் குளிர்நாட்டு மரம், அதன் பட்டையில் எண்ணெய்த் தன்மை இருப்பதால் நனைந்திருந்தாலும் துடைத்துவிட்டுக் கொளுத்தலாம். அந்தக் காளானும் மிகப் பழைய சாமான்தான். ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் 1991இல் கண்டெடுத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய மனிதனின் பையிலேயே அது இருந்தது. எங்கள் காட்டிலும் பட்ட மரங்களில் தட்டுத் தட்டாகக் கடினமான காளான் வரும். ஆனால் மாரியில் அது தண்ணீரில் ஊறிக் கிடக்கும், நெருப்புக்கு உதவாது. பைன் மரம் மலைநாட்டில் நட்டு வளர்த்தது, எங்கள் பக்கத்துக் காட்டில் தேடி அலைய வேண்டாம்.

எங்களுக்குத் தென்னையும் பனையும் இருக்கின்றன. தென்னை வட்டுக்குள், மட்டை மரத்தோடு சேரும் இடத்தில், வலை மாதிரி ஒரு பன்னாடை இருக்கும். மேலே ஓலையும் மட்டையும் மறைத்திருப்பதால் உள்மடிப்பில் மழையிலும் காய்ந்த துண்டு அகப்படும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கசக்கினால் தூசும் மெல்லிய நாருமாக உதிர்ந்து பஞ்சு மாதிரி வரும், அதற்கு ஒரு பொறி போதும். பொச்சு மட்டையை எடுத்தால், வெளித்தோல் நனைந்து கறுத்திருந்தாலும் கிழித்துப் பார்த்தால் உள்ளே தும்பு காய்ந்து பொன்னிறமாக இருக்கும். அந்தத் தும்பைப் பிய்த்து, உதறி, குருவிக்கூடு அளவுக்குத் தளர்வாக உருட்டிக்கொள்ளுங்கள். இறுக்கி உருட்டினால் காற்றுப் போகாது, புகைந்துகொண்டே இருக்கும். பனையில் காவோலை விழாமல் மரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தால் அதன் உட்பக்கத்து ஓலையை எடுக்கலாம், ஏற முடியாவிட்டால் கொக்கத்தடியால் இழுங்கள். பனங்கிழங்கு எடுத்தபின் எறிந்த ஊமல் வீட்டுப் பின்பக்கம் காய்ந்து கிடந்தால் அதையும் விடாதீர்கள், தணல் பிடித்து நின்று எரியும்.

பஞ்சு வகையில் இலவம்பஞ்சும் எருக்கலங்காய்ப் பஞ்சும். இலவம்பஞ்சின் நார் உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீரை அண்ட விடாது. முன்பு கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் தனியாகக் கொளுத்தினால் புஸ்ஸென்று ஒரு கணத்தில் போய்விடும். தும்போடு கலந்து வைத்தால் பஞ்சு பொறியைப் பிடிக்கும், தும்பு நின்று எரியும். எருக்கலையைத் தொடும்போது அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்று காய்ந்த மூங்கில் அகப்பட்டால் மேல்தோலைக் கத்தியை நிறுத்திப் பிடித்துச் சுரண்டுங்கள், மெல்லிய சுணை மாதிரி வரும், அருமையாகப் பற்றும். முழு மூங்கிலைக் கணுவோடு நெருப்பில் போடாதீர்கள், உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூடாகி வெடித்துச் சிதறும். ஆற்றுக்குள் கிடந்த ஈரக் கல்லை அடுப்புக் கல்லாக வைத்தாலும் அதே ஆபத்துதான்.

பிசின் விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வேம்பிலும் விளாவிலும் முருங்கையிலும் வழிவது தண்ணீரில் ஊறிக் கரைகிற பிசின், அது எரியாது, நெருப்பில் போட்டால் பொங்கிக் கருகும். பைன் பிசினும் சாம்பிராணி போடும்போது சேர்க்கிற குங்கிலியமும் வேறு வகை, தண்ணீரில் கரையாது, தீயில் உருகி எண்ணெய் மாதிரிப் பற்றி எரியும். காட்டில் ஒரு மரத்தில் பிசினைக் கண்டால் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொழகொழத்தால் விட்டுவிடுங்கள், அப்படியே கல் மாதிரிக் கிடந்தால் கொளுத்திப் பார்க்கலாம். கையில் ஒரு துண்டு குங்கிலியத்தையோ ஐந்தாறு கற்பூரக் கட்டியையோ கொண்டு போனால் இந்தத் தேடலே மிச்சம். கற்பூரம் தண்ணீரில் மிதந்தபடியும் எரியும். திறந்து வைத்தால் காற்றோடு கரைந்து போகும் என்பதால் இறுக்கி மூடிய டப்பாவுக்குள் வையுங்கள்.

இலுக்குப் புல்லும் மானாப் புல்லும் கேட்டிருந்தீர்கள். மாரியில் வெளியே நிற்கும் புல் ஈரம், உதவாது. ஆனால் அதே இலுக்கால் வேய்ந்த பழைய வாடி ஏதும் வழியில் இருந்தால், கூரை இறப்பின் அடிப்பக்கம் கையை விட்டு ஒரு பிடி உருவலாம். அங்கே எப்போதும் காய்ந்திருக்கும். ஆள் இருக்கிற வாடி என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: நெருப்புப்பெட்டி நனைந்துவிட்டால் எறியத்தான் வேண்டுமா? லைட்டரும் நனைந்தால் வேலை செய்யவில்லையே?
(ஒரு வாசகி, திருக்கோவில்)

பதில்: குச்சியின் மருந்து கரைந்து வழிந்திருந்தால் எறிந்துவிடுங்கள். ஈரம் மட்டும் பட்டிருந்தால் உடம்போடு ஒட்டிய சட்டைப் பைக்குள் வைத்துக் காய விடலாம், காய்ந்த தலைமயிருக்குள் உருட்டினாலும் மேல் ஈரம் போகும். குச்சியைவிடப் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டிதான் முக்கியம். சிவப்புப் பொசுபரசு இருப்பது அதில், குச்சித் தலையில் இல்லை. பட்டி ஊறி உரிந்துவிட்டால் நல்ல குச்சியும் பற்றாது. லைட்டர் என்றால் தண்ணீரை உதறி, சில்லு இருக்கும் இடத்தை நன்றாக ஊதி, சில்லைத் தொடையில் பல தடவை உருட்டித் தேய்த்தால் பொறி வரும். எல்லாவற்றையும்விட நல்லது முன்கூட்டியே குச்சித் தலைகளை உருகிய மெழுகில் தோய்த்து, பட்டியையும் வெட்டி வைத்து, வாய் இறுகிய மருந்துப் போத்தலுக்குள் போடுவது. கூடவே ஒரு மெழுகுதிரித் துண்டு. குச்சி எரிவது சில விநாடி, மெழுகுதிரி எரிவது நீங்கள் அணைக்கும்வரை. ஈரத்தில் அந்த நேரந்தான் வேண்டும்.

கேள்வி: வாவியோரக் காட்டில் அகப்பட்ட காய்ந்த கட்டையை எரித்தபோது எல்லோருக்கும் கண் எரிச்சல் எடுத்து வீங்கிவிட்டது. என்ன மரமாக இருக்கும்?
(வாகரையிலிருந்து ஒரு மீனவர்)

பதில்: கட்டையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வாவியோரம் என்கிறபோது முதலில் நினைக்க வேண்டியது தில்லையைத்தான். முறித்தால் வெள்ளைப் பால் வரும், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கிக் கொஞ்ச நாளைக்கு எதுவும் தெரியாமலே போகலாம், தோலில் பட்டால் கொப்புளம் போடும். அதை எரிக்கும் புகையும் கண்ணுக்குக் கூடாது. காய்ந்துவிட்டதே, பால் இல்லையே என்று எடுக்கவே எடுக்காதீர்கள். பட்டவர் யாராக இருந்தாலும் சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கண்ணைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கசக்கக் கூடாது.

இதோடு இன்னும் இரண்டு. வீட்டு வேலியில் நிற்கும் அலரி, எந்த நிறமானாலும், அடுப்புக்கும் வேண்டாம், இறைச்சி குத்திச் சுடுகிற கம்பிக்குப் பதிலாகவும் வேண்டாம், முழு மரமும் நஞ்சு. மற்றது மரமுந்திரிக் கொட்டைக் கோது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மரமுந்திரி நிறைய இருப்பதால் சிலர் அதை நெருப்புப் பிடிக்க வைக்கப் போடுகிறார்கள். அதற்குள் இருக்கும் எண்ணெய் வேகமாக எரியும், உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய் தோலை அவித்துவிடும், புகையும் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். சமைக்கிற நெருப்பில் அதைப் போடவே கூடாது.

கேள்வி: 2011 ஜனவரி வெள்ளத்தில் பாடசாலையில் தங்கியிருந்தபோது எத்தனையோ பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தது. ஈர விறகின் புகையில் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது. இனி அப்படி ஒரு நிலை வந்தால் எப்படிச் சமாளிப்பது?
(ஒரு தாய், அக்கரைப்பற்று)

பதில்: சகோதரி, இதை நீங்கள் கேட்டது நல்லது. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஊர் முழுக்கத் தென்னை சரிந்து கிடந்தும் எரிப்பதற்குக் காய்ந்த விறகு இல்லாமல் திண்டாடியதைச் சொல்வார்கள். அப்போதுதான் விழுந்த பச்சை மரத்தின் எடையில் பாதிக்கு மேலேகூடத் தண்ணீராக இருக்கலாம்.

புகை அதிகம் வருகிறது என்றால் விறகு வேகிறதே ஒழிய எரியவில்லை என்று அர்த்தம். கட்டையின் நுனியில் நுரை தள்ளிச் சீறும் சத்தம் கேட்டால் அதை வெளியே இழுத்து அடுப்போரம் சாய்த்து வையுங்கள், காய்ந்தபின் உள்ளே தள்ளலாம். எல்லா விறகையும் விரல் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள், பிளப்பதற்குப் படுகிற கஷ்டம் ஊதுவதற்குப் படுகிற கஷ்டத்தைவிடக் குறைவுதான். அடுப்புக்கு அடியில் காற்று நுழைய வழி வேண்டும், மூன்று கல்லுக்கு நடுவில் சாம்பல் நிரம்பியிருந்தால் வழித்தெடுங்கள். முதல் அரைமணி நேரத்துக்குச் சிரட்டையைப் போடுங்கள். சிரட்டை மழையில் நனைந்தாலும் துடைத்தால் ஈரம் போய்விடும், உள்ளே ஊறாது, சூடும் பலமாகத் தரும், தணலும் நல்ல தணல். அந்தத் தணலுக்கு மேலே வைத்தால் பாதி ஈரமான விறகும் பற்றும்.

ஊதும்போது சுவாலையின் தலையில் ஊத வேண்டாம். ஊதாங்குழலின் வாயைத் தணலுக்குக் கிட்டே, கீழே வைத்து நீளமாக, மெதுவாக ஊதுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். குளிருக்குத் தணல் சட்டியைக் கதவு யன்னல் அடைத்த வகுப்பறைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படுக்கப் போடாதீர்கள். புகை தெரியாவிட்டாலும் தணலிலிருந்து காபனோரொட்சைட்டு வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அடுப்பு வெளி விறாந்தையிலேயே இருக்கட்டும்.

முன்னேற்பாடாக, புரட்டாதி முடிவதற்குள் ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் தும்பு, காய்ந்த ஈர்க்கு, சிரட்டைத் துண்டு, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி போட்டு இறுக்கி மூடி உயரத்தில் வைத்துவிடுங்கள். இடம்பெயர வேண்டி வந்தால் அரிசியோடு அந்த வாளியையும் தூக்குங்கள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்குகிற வழக்கத்தைப் புது வீடுகளில் விட்டுவிட்டோம், அது போனது பெரிய நட்டம்.

கேள்வி: கட்டையோடு கட்டை தேய்த்து நெருப்பு எடுக்கச் சாரணர் பிள்ளைகளுக்குப் பழக்கலாமா?
(ஓர் ஆசிரியர், மட்டக்களப்பு நகரம்)

பதில்: பழக்குங்கள், ஆனால் ஆனி, ஆடியில் பழக்குங்கள். காற்றில் ஈரப்பதன் தொண்ணூறு வீதத்துக்கு மேலே நிற்கும் மார்கழியில், மழை படாத மரமும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை வைத்துக்கொள்ளும். கை தோல் உரிந்ததுதான் மிச்சம் என்றால் பிள்ளைகளுக்கு ஆசையே போய்விடும்.

எங்கள் வேடர்கள் ஒரு கட்டையில் குழி வெட்டி, கோலை அதில் நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் கடைந்தே நெருப்பு எடுத்தார்கள். சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் அவர்களிடம் இருந்தது. கடைவதற்குக் கனத்த மரம் சரிவராது. நகத்தால் அழுத்தினால் பதிகிற மென்மரம் வேண்டும், பிசின் இல்லாத மரம் வேண்டும். வாவியோரம் நிற்கும் நீர்ப்பருத்தி நல்லது, பசிபிக் தீவுகளில் இதே மரத்தைத் தேய்த்துத்தான் நெருப்பு உண்டாக்கினார்கள். குழியின் பக்கத்தில் ஒரு வெட்டு விட்டு, அதன் வழியாக உதிரும் கருந்தூளை ஒரு காய்ந்த இலையில் ஏந்துங்கள். கடைவதை நிறுத்திய பிறகும் அந்தத் தூள் தானாகப் புகைந்தால் நெருப்பு பிறந்துவிட்டது. அவசரப்பட்டு ஊதாமல் தும்புக் கூட்டுக்குள் மெல்லத் தட்டி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊதினால் பற்றும். கடைகோலை வீட்டுக் கூரையின் இறப்பில் செருகி வைத்ததைச் சங்கப் புலவர்களும் பாடியிருக்கிறார்கள். மழையுள்ள நாட்டில் அந்தக் கோலுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

கேள்வி: டயர்த் துண்டு, மண்ணெண்ணெய், பெற்றோல், இவற்றில் எது நல்லது?
(சம்மாந்துறை வாசகர்)

பதில்: பெற்றோல் கூடவே கூடாது. அதன் ஆவி நீங்கள் குனிவதற்கு முன்பே பரவி நின்று முகத்தில் வெடிக்கும். மண்ணெண்ணெய் என்றால் நெருப்பு வைப்பதற்கு முன், சீவலில் கொஞ்சம் தெளித்துப் போத்தலைத் தூர வைத்த பிறகு மட்டும். புகைகிற அடுப்பில் ஊற்றியதால் எரிந்துபோன பெண்கள் எத்தனை பேர் என்று எந்தத் தீக்காய வார்ட்டிலும் சொல்வார்கள். சைக்கிள் ரியூப்பில் விரல் நீளத் துண்டு ஒன்று மழைக்குள்ளும் எரியும், அவசரத்துக்குக் கொளுத்தலாம், ஆனால் அந்தப் புகை நஞ்சு. அது எரிந்து முடியும்வரை விலகி நில்லுங்கள், சட்டியையும் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும்போது காட்டில் நினைத்த இடத்தில் அடுப்பு மூட்டலாமா?
(பொத்துவில் அடியார்)

பதில்: கூடாது. ஒதுக்கக் காட்டில் அனுமதியில்லாமல் நெருப்பு மூட்டுவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். குமணவும் யாலவும் தேசியப் பூங்காக்கள், அங்கே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தங்குவதற்கு ஒதுக்கிய இடங்களில், அதிகாரிகள் சொன்னபடி மட்டும் சமையுங்கள். இதற்கு மேலே நான் எழுதிய மழைக்காலப் பாடமெல்லாம் ஆடி மாதத்துக்குத் தலைகீழ். அப்போது காடு சருகாகக் கிடக்கும், பற்ற வைப்பது சுலபம், அணைப்பதுதான் கஷ்டம். தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே பிடித்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறினால் மட்டும் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனால் அடியில் வேரோடு புகைந்து அடுத்த நாள் காற்றில் எழும்பும்.

கேள்வி: தேன் எடுக்கப் போகும்போது ஒரு இடத்தில் மூட்டிய நெருப்பை மழைக்குள் இன்னொரு இடத்துக்குக் கொண்டு போக வழி உண்டா?
(புல்லுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர்)

பதில்: உண்டு, நீங்கள் சின்ன வயதில் பார்த்ததுதான். பெட்டிக்கடை வாசலில் சுருட்டுப் பற்ற வைக்கத் தும்புக்கயிறு ஒன்று தொங்குமே, நுனியில் செந்தணல், காலையில் பற்ற வைத்தால் பொழுதுபடும்வரை சுவாலையே இல்லாமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போகும். கைவிரல் பருமனில் முறுக்கிய கயிறாகப் பாருங்கள், நைலோன் கலக்காத தும்பு என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பற்றிய நுனியை ஒரு பால்மா டின்னுக்குள் தொங்க விட்டு, டின்னின் அடியில் ஆணியால் சில துளை போட்டு, மூடியைப் பாதி சாத்தினால் மழைத்துளி படாது, காற்றும் போகும். கயிறு இல்லாவிட்டால் காய்ந்த பொச்சு மட்டையின் உட்பக்கத்தில் ஒரு தணலை வைத்து இன்னொரு மட்டையால் மூடிக் கட்டுங்கள், அதுவும் மணிக்கணக்காக நிற்கும். காய்ந்த எருவறட்டிக்குள் வைத்தாலும் சரி. போய்ச் சேர்ந்ததும் தும்புக் கூட்டில் தணலைக் கொட்டி ஊதினால் சுவாலை வந்துவிடும். வழியில் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம், புகை மணக்கிறதா என்று பார்த்தால் போதும். தேனுக்குப் புகை காட்டி முடிந்ததும் கயிற்றின் எரிந்த நுனியை வெட்டித் தண்ணீருக்குள் போட்டுவிடுங்கள், மரத்தில் செருகிவிட்டு வராதீர்கள்.